சுண்டெலி நேரம்

என் கணவருக்கு ஒரு தியேட்டரில் வேலை. கேட்பவர்களிடம் மேலாளர் என்று சொல்லிக்கொள்வார். டிக்கெட் கிழிப்பது, குழாய் ஒழுகினால் ஆள் பிடிப்பது, வராத கூட்டத்தை நினைத்துப் பெருமூச்சு விடுவது எல்லாம் அந்தப் பதவிக்குள் அடக்கம். ஒரே ஒரு திரை. பெரிய வளாகங்களில் ஓடும் படம் எதுவும் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காது. இங்கே ஓடும் படத்தை அங்கே யாரும் சீந்த மாட்டார்கள். பகல் காட்சிக்குப் பழைய கறுப்பு வெள்ளைப் படம். மாலையில், யாராவது ஒருவர் சொந்தபந்தங்களையே நடிக்க வைத்து எடுத்த புதுப் படம்.

தியேட்டருக்கென்று ஒரு பாட்காஸ்ட்டும் உண்டு. சனிக்கிழமை காலையில் வெளிவரும். என் கணவரும் படம் ஓட்டுபவரும் உட்கார்ந்து ஒரு பழைய படம், ஒரு புதுப் படம் என்று எடுத்து அலசுவார்கள். படம் ஓட்டுபவருக்குப் பெயர் தாடி. பெற்றவர்கள் வேறு ஏதோ வைத்திருப்பார்கள், ஆனால் அவர் மனைவியே தாடி என்றுதான் கூப்பிடுகிறார். ஒளி, மௌனம், சட்டகம் என்ற மூன்று சொற்களையும் பறித்துக்கொண்டால் இரண்டு பேருக்கும் பேச்சே வராது. இதை நான் அவர்கள் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன்.

உண்மையில் ஜனங்கள் காத்திருப்பது கடைசிப் பத்து நிமிடத்துக்குத்தான். அதற்குச் 'சுண்டெலி நேரம்' என்று பெயர்.

தியேட்டரில் மாடிப்படி முடியும் இடத்தில் ஒரு பழைய தொலைபேசியை மாட்டி வைத்திருக்கிறார்கள். படம் பார்த்துவிட்டு வருகிறவர்கள் ரிசீவரை எடுத்து, மனதில் பட்டதைச் சொல்லிவிட்டுப் போகலாம். ஆரம்பத்தில் குரலை அப்படியே ஒலிபரப்பிக்கொண்டிருந்தார்கள். உடம்பு சரியில்லை என்று அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டுப் படத்துக்கு வந்த ஒருவர் அதில் விலாவாரியாகப் பேசிவிட, அதை அவருடைய மேலதிகாரி கேட்டுவிட, மறுநாள் அந்த மனிதர் தியேட்டர் வாசலில் வந்து ஆடித் தீர்த்துவிட்டார். அதற்கப்புறம் பேசும்போதே குரலைக் கீச்சென்று மாற்றிப் பதிவு செய்யும் ஏற்பாடு வந்தது. அசல் குரல் எங்கேயும் தங்காது. அந்தக் கீச்சுக் குரலையும் வாரா வாரம் துடைத்துவிடுவார்கள். தொலைபேசிக்கு மேலே ஒரு பலகை தொங்கும்: 'உங்கள் கருத்து எங்களுக்கு. உங்கள் குரல் உங்களுக்கே.' என் கணவர் எழுதியது. அந்த இரண்டு வரியை அவர் எத்தனை பேரிடம் சொல்லிக் காட்டியிருப்பார் என்று எனக்குத்தான் தெரியும்.

சுண்டெலிக் குரலில் எதைச் சொன்னாலும் சிரிப்புதான் வரும். அதுதான் அதன் வெற்றி. படம் ஓட்டும் அறையில் நடுவே மைக்கை வைத்துக்கொண்டு, ஒரு ஸ்பீக்கரில் அந்தக் குரல்களை ஓடவிட்டு, இருவரும் கமெண்ட் அடிப்பார்கள். முன்கூட்டிக் கேட்டு வைத்துக்கொள்ள மாட்டார்கள். "முன்னாடியே கேட்டுட்டா சிரிப்பு செத்துப்போயிடும்" என்பது என் கணவரின் கொள்கை. அதனால் பேசுகிறவர் குரலும் இவர்கள் சிரிப்பும் ஒன்றாகவே பதிவாகும். குழம்பில் உப்பு விழுந்த மாதிரி, பிறகு பிரிக்க முடியாது.

நான் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பில் இருக்கிறேன். வாரம் முழுக்க வாயைத் திறந்து காட்டுகிறவர்களோடு மல்லுக்கட்டிவிட்டு, சனிக்கிழமை காலையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே இதைக் கேட்பேன். அன்றைக்கும் அப்படித்தான். கணவர் தியேட்டருக்குப் போய்விட்டார். அப்பா பூங்காவுக்கு நடக்கப் போயிருந்தார். அம்மா போன பிறகு அப்பா எங்களோடுதான் இருக்கிறார். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். வீட்டில் அவர் பேசுவது குறைவு. சாப்பிட்டாச்சா என்றால் ஆச்சு. இன்னும் கொஞ்சம் போடவா என்றால் போதும். மருமகனின் தியேட்டர் என்பதால் வாரத்தில் ஒருநாள் பகல் காட்சிக்குப் போய்விட்டு வருவார். படம் எப்படி என்று கேட்டால், "பரவால்ல".

அந்த வாரம் எடுத்துக்கொண்ட படம் ஒரு பழைய கறுப்பு வெள்ளை. பல வருடம் காணாமல் போன ஒருவன் வீட்டுக்குத் திரும்பி வருகிறான். வாசலில் மனைவி அவனுக்கு ஒரு சொம்புத் தண்ணீர் கொடுக்கிறாள். அந்தக் காட்சியில் இருக்கும் மௌனத்தைப் பற்றித் தாடி மூச்சு விடாமல் பேசினார். அப்புறம் சுண்டெலிகள் வந்தன. ஒரு சுண்டெலி ஏசி போதவில்லை என்றது. ஒரு சுண்டெலி, கதாநாயகியின் மூக்கைப் பற்றி ஏதோ சொன்னது. மூன்றாவதாக வந்ததுதான் இது.

"வணக்கம். படம் நல்லா இருந்துச்சு. ஒண்ணே ஒண்ணு சொல்லணும். அந்த ஆளு தண்ணிய நின்னுட்டே குடிச்சான். அது தப்பு. உக்காந்து குடிச்சிருக்கணும்."

"யாருப்பா இது, குடிநீர் வாரியத்துலேருந்து பேசுறாங்களா?" என்றார் தாடி.

"நின்னுட்டுக் குடிக்கிற தண்ணி அவசரத் தண்ணி. குடுக்கிறவங்களுக்கு அது தெரியும்."

"அவசரத் தண்ணி! அடுத்த படத்துக்குத் தலைப்பு கிடைச்சிருச்சு!" இது என் கணவர். அவருக்கு உண்மையாகவே சிரிப்பு வந்துவிட்டால் மேசையைத் தட்டுவார். தட்டிக்கொண்டிருந்தார். நானும் சோப்புக் கையோடு சிரித்தேன்.

கீச்சுக் குரல் நிற்கவில்லை. "என் வீட்டுக்காரி ஒருநாள் கேட்டா, கொஞ்சம் உக்காந்துதான் குடிங்களேன்னு. நான் உக்காரல. வண்டி எடுக்க நேரமாச்சுன்னு நின்னுட்டே குடிச்சிட்டு, சொம்ப அவ கையில குடுத்துட்டுப் போயிட்டேன். சாயங்காலம் வந்து பாத்தா அவ இல்ல."

"தண்ணி குடிச்ச லட்சணத்தப் பாத்துட்டு அம்மா வீட்டுக்குப் போயிட்டாங்க போல!"

மேசை அதிர்ந்தது. தாடிக்கு இருமல் வந்துவிட்டது. என் கணவர் "ஐயோ, ஐயோ" என்று மூச்சு வாங்கினார். இங்கே நான் தொட்டியைப் பிடித்துக்கொண்டு, வயிறு வலிக்கச் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கு அடியில் சுண்டெலி இன்னும் பேசிக்கொண்டிருந்தது. "அந்த சொம்பு இன்னும் வீட்ல இருக்கு. பொண்ணு அதுல கரண்டி போட்டு வச்சிருக்கா."

அடுப்புக்குப் பக்கத்தில் சொம்பு இருந்தது. விளிம்பில் ஒரு நெளிசல். உள்ளே நாலைந்து கரண்டிகள், ஒரு ஜல்லிக்கரண்டி, உடைந்த மத்து.

சிரிப்பு என் வாயில் அப்படியே நின்றது. கையைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் ஓடவிட்டேன். இந்த முறை கீச்சுக்குள் அப்பா இருந்தார். அந்த 'வணக்கம்' அவருடையது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பிறகு, ஏறுகிறவர்கள் ஏறட்டும் என்பதுபோல் ஓர் இடைவெளி விடுவதும் அவர்தான்.

அம்மா இறந்தபோது அப்பா ஓய்வு பெற இன்னும் இரண்டு மாதம் இருந்தது. நான் வேறு ஊரிலிருந்து வந்து சேர்ந்தபோது இருட்டிவிட்டது. சமையலறையில் விழுந்து கிடந்தாள் என்றார்கள், இதயம் என்றார்கள். "நான் டூட்டிக்குப் போயிருந்தேன்" என்று அப்பா எல்லோரிடமும் அந்த ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். காலையில் என்ன நடந்தது என்று யாரும் கேட்கவில்லை. பெற்ற பெண் நானும் கேட்கவில்லை. அவர் அதைச் சொல்வதற்கு ஒரு தியேட்டரில் மாட்டியிருக்கும் தொலைபேசியைத் தேடிப் போக வேண்டியிருந்தது. அதையும் கேட்டு நான் சிரித்திருக்கிறேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

ஆட்டோ பிடித்துத் தியேட்டருக்குப் போனேன். என் கணவர் வாசலில் போஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தார்.

"அந்தத் தண்ணி ஆளு யாருன்னு தெரியுமா?"

"செம்ம இல்ல? காலைலேருந்து எல்லாரும் அதத்தான்..."

"எங்கப்பா."

அவர் கையிலிருந்த பசை வாளியைக் கீழே வைத்தார். வைத்தவர் மறுபடி எடுத்தார். எங்கே வைப்பது என்று தெரியாமல் அதைப் பிடித்துக்கொண்டே நின்றார். "மாமாவா?" என்றார். பிறகு அந்த வரிகள் ஒவ்வொன்றாக அவருக்கு ஞாபகம் வருவதை நான் முகத்தில் பார்த்தேன். "சாயங்காலம் வந்து பாத்தா அவ இல்லன்னா... அத்தையா?"

"பின்ன?"

"நாங்க அதக் கேக்கவே இல்லடி. சத்தியமா. சிரிச்சிட்டு இருந்தோம்."

அதுதானே விஷயம் என்று சொல்ல வந்தேன். நான் மட்டும் என்ன கேட்டுக் கிழித்துவிட்டேன்?

மாடியில் தாடியிடம் சொன்னபோது அவர் இரண்டு கையாலும் தாடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அம்மா வீட்டுக்குப் போன ஜோக் அவருடையது. "எனக்கு செருப்படி வேணும்மா" என்றார். அதற்கு நேரமில்லை. நிகழ்ச்சியை உடனே எடுத்துவிட்டார்கள். ஆனால் எடுத்தால் போதாது. அப்பா அதில் பேசியிருக்கிறார்; என்றைக்காவது வருமா என்று காத்திருப்பார். வர வேண்டும், ஆனால் இந்தச் சிரிப்பில்லாமல் வர வேண்டும்.

"போன்ல இருக்கிறத எடுங்க. அதுல உங்க சிரிப்பு இருக்காதுல்ல" என்றேன்.

"துடைச்சாச்சு. ரெக்கார்டிங் முடிஞ்ச கையோட துடைச்சிடுவோம். பலகையில எழுதிப் போட்டிருக்கோமே."

இருப்பது சிரிப்போடு சேர்ந்த அந்த ஒரு பதிவு மட்டும்தான். என் கணவர் கணினியில் அதைத் திறந்தார். ஒலி கோடு கோடாகத் திரையில் விரிந்தது. சிரிப்பு வரும் இடமெல்லாம் தடித்துக் கறுத்துத் தெரிந்தது. அப்பாவின் குரல் நடுவில் ஒரு நூல். முதல் பகுதியில் இவர்கள் வாயை மூடியிருந்த இடங்கள் கொஞ்சம் இருந்தன. அவற்றை எடுத்துக் கோர்த்தார். வணக்கம். படம் நல்லா இருந்துச்சு. நின்னுட்டே குடிச்சான். உக்காந்து குடிச்சிருக்கணும். நின்னுட்டுக் குடிக்கிற தண்ணி அவசரத் தண்ணி. நன்றாகத்தான் வந்தது. அம்மாவைப் பற்றிப் பேசிய இடத்துக்கு வந்ததும் திரை முழுக்கக் கறுப்பு.

"இதுல சிரிப்ப அமுக்கி, குரல மட்டும் கொஞ்சம் தூக்கிப் பாக்கிறேன்" என்றார். என்னென்னவோ செய்தார். "இப்பக் கேளு. பின்னாடி லேசா இருக்கு, ஆனா அவர் சொல்றது புரியுது."

புரிந்தது. கொஞ்சம் உக்காந்துதான் குடிங்களேன். அம்மா அப்படித்தான் பேசுவாள், அந்தத் 'தான்' அவளுடையது.

"வேண்டாம். எடுத்துடுங்க."

"அத்தையப் பத்திச் சொல்றாரு."

"அதனாலதான் சொல்றேன். எடுங்க."

சிரிப்பு கேட்கிறது, அப்பா கண்டுபிடித்துவிடுவார் என்று அவரிடம் காரணம் சொன்னேன். தாடியும் தலையாட்டினார். ஆனால் அது முழுக் காரணம் இல்லை. கேட்பவர்கள் யாருக்கும் இவர் யாரென்று தெரியப் போவதில்லை. எனக்குத் தெரியும், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அம்மா கடைசியாகக் கேட்டது ஒரு நிமிஷம் உட்காரச் சொல்லி. அது கிடைக்காமல் போய்ச் சேர்ந்தாள். அந்த வரி எங்கேயும் இல்லாமல் போனால், அப்படி ஒன்று நடக்காத மாதிரி இருக்கும் என்று நினைத்தேன். என் கணவர் விரலால் ஒரு தட்டுத் தட்டினார். போய்விட்டது.

பிறகு இருவரும் மைக் முன்னால் உட்கார்ந்து புதிதாகப் பேசினார்கள். "நம்ம நேயர் ஒருத்தர் எவ்வளவு நுட்பமான ஒரு விஷயத்தக் கவனிச்சிருக்கார் பாருங்க" என்று என் கணவர் ஆரம்பிக்க, "ஆமா, ரொம்ப ஆழமான பார்வை" என்று தாடி எடுத்துக் கொடுக்க, அசடு வழிந்தது. திரும்பத் திரும்பப் பேசிப் பார்த்தார்கள். ஒவ்வொரு முறையும் பொய் கூடிக்கொண்டுதான் போனது. கடைசியில் இருப்பதற்குள் சுமாரானதைப் போட்டுவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்தபோது அப்பா கூடத்தில் செய்தித்தாளோடு உட்கார்ந்திருந்தார்.

"காலைலயே எங்கம்மா போயிட்ட?"

"அவருக்குச் சாப்பாடு குடுத்துட்டு வந்தேம்பா."

"சாப்பாடு இங்க இருக்கே."

டிபன் பாக்ஸ் மேசைமேல், மூடி திறக்காமல் இருந்தது. நான் அதை எடுத்து உள்ளே வைத்தேன். 

"நாளைக்கு மத்தியானம் டைம்கீப்பரும் கண்டக்டரும் வர்றாங்க" என்றார் அப்பா. இரண்டு பேரும் அவரோடு பணிமனையில் காலம் தள்ளியவர்கள். அம்மா கையால் சாப்பிட்டவர்கள். "டீ மட்டும் போட்டா போதும். மாப்பிள்ளை நிகழ்ச்சில இந்த வாரம் நான் பேசுனது வந்திருக்கு. அவங்களும் கேக்கட்டுமேன்னு கூப்பிட்டேன்."

வந்திருப்பது இவருக்கு எப்படித் தெரியும்? போனில் அதையெல்லாம் திறக்கத் தெரியாதே. தான் பேசியதைப் பூங்காவில் யாரிடமாவது சொல்லி வைத்திருப்பார், அவர்கள் கேட்டுச் சொல்லியிருப்பார்கள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது.

"நீ கேட்டியாம்மா?"

"கேட்டேம்பா. ரொம்ப நல்லா பேசியிருக்கீங்க. அவங்க ரெண்டு பேரும் அப்படிப் பாராட்டியிருக்காங்க."

அப்பா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்படியா" என்றார். பிறகு செய்தித்தாளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் என் கணவர் பகல் காட்சியைத் தாடியிடம் விட்டுவிட்டு வீட்டில் இருந்தார். காட்சிக்கு நடுவே ஒரு எட்டு வந்து போகும்படி தாடியிடமும் சொல்லியிருந்தேன். திடீர்க் காய்ச்சலாம். காய்ச்சலோடு படம் ஓட்ட முடிகிறது, இங்கே வர முடியவில்லை.

கண்டக்டர் உள்ளே நுழையும்போதே, "தள்ளி உக்காருங்க, தள்ளி உக்காருங்க, எடம் இருக்குல்ல" என்றார். ஓய்வு பெற்றும் அந்த வாய் ஓயவில்லை. டைம்கீப்பர் அமைதி. செருப்பை ஓரமாக, இரண்டும் சமமாக இருக்கும்படி விட்டுவிட்டு வந்தார். வண்டிகள் நேரத்துக்குக் கிளம்பினவா என்று பார்ப்பதுதான் அந்தக் காலத்தில் அவர் வேலை. அவர் பார்வைக்குப் பயந்தே ஓட்டுநர்கள் ஓடி வருவார்கள் என்று அம்மா கிண்டல் செய்வாள்.

அப்பா சலவைச் சட்டை போட்டிருந்தார். நான் டீ கொடுத்தேன். என் கணவர் ஸ்பீக்கரை மேசைமேல் வைத்து, சுண்டெலி நேரம் தொடங்கும் இடத்திலிருந்து ஓடவிட்டார்.

"வணக்கம். படம் நல்லா இருந்துச்சு."

"யோவ், இது நீயா?" கண்டக்டர் தொடையைத் தட்டிச் சிரித்தார். "ஹார்ன் ரிப்பேரான மாதிரி இருக்கு!"

அப்பாவும் சிரித்தார். "மிஷின் அப்படி மாத்துது. யாருன்னு தெரியாம இருக்கத்தான். கேளு."

தண்ணீர் வந்தது. அவசரத் தண்ணி வந்தது. உடனே, "நம்ம நேயர் ஒருத்தர் எவ்வளவு நுட்பமான" என்று என் கணவரின் குரல். ஆழமான பார்வை. இந்த மாதிரி ரசிகர்கள்தான் எங்கள் தியேட்டரின் சொத்து. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முடிந்ததும் கண்டக்டர் கை தட்டினார். "பாத்தியா, டிரைவருக்கு ஆழமான பார்வையாம்! எதிர்ல வர்ற லாரி தெரிஞ்சா போதாதா!"

அப்பா ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் ஏதோ வரும் என்பதுபோல் தலை சற்றே முன்னால் நீண்டிருந்தது.

"அவ்வளவுதானா மாப்பிள்ளை?"

"அவ்வளவுதான் மாமா."

"இது வேற. நேத்துக் காலைல நான் கேட்டது இது இல்ல."

என் கணவர் என்னைப் பார்த்தார்.

"பூங்காவுல ஒரு பையன் போட்டுக் குடுத்தான்" என்றார் அப்பா. "முழுசும் இருந்துச்சே. அவளப் பத்திச் சொன்னதெல்லாம் இருந்துச்சு."

அப்படியானால் நேற்று நான் டிபன் பாக்ஸைப் பற்றிப் பொய் சொன்னபோது அவருக்குத் தெரியும். பாராட்டியிருக்காங்க என்று வாய் கூசாமல் சொன்னபோதும் தெரியும். அதனால்தான் செய்தித்தாளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

"மாமா, அதுல நாங்க..." என்று ஆரம்பித்தார் என் கணவர். "நாங்க சிரிச்சிட்டோம் மாமா. யாருன்னு தெரியாம. என்ன சொல்றாங்கன்னுகூடக் கவனிக்காம. மன்னிச்சிடுங்க."

"கேட்டேன்" என்றார் அப்பா. கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எங்களுக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும். "எனக்குக் கஷ்டமாத்தான் இருந்துச்சு. பெஞ்சுலேயே கொஞ்ச நேரம் உக்காந்திருந்தேன். அதுக்குன்னு அவ பேச்ச ஏன் எடுத்தீங்க?"

"எடுக்கச் சொன்னது நான்தாம்பா."

என் குரல் எனக்கே எங்கிருந்தோ கேட்டது. அப்பா திரும்பிப் பார்த்தார். "நீயா?" என்றார். "ஏம்மா?"

நேற்று எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணம் ஒன்றுகூட வாயில் வரவில்லை. கண்டக்டர் டீ கிளாஸை எங்கே வைப்பது என்று தேடிக்கொண்டிருந்தார். அந்த வயதான மனிதர்கள் முன்னால், பெற்ற தாயின் கடைசிப் பேச்சை வெட்டிப் போட்டவளாக நின்றேன்.

அப்பா அவர்கள் பக்கம் திரும்பினார். "ரொம்ப நாளா உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன். அவ போன அன்னைக்குக் காலைல நடந்தது. நேர்ல சொல்லலாம்னு பாத்தா வாய் வரல. எத்தன தடவ நீங்க உக்கார்ற டீக்கடை வரைக்கும் வந்துட்டுத் திரும்பியிருக்கேன். அந்த போன்ல ஆள் யாரும் இல்ல பாருங்க, அதனால வந்துருச்சு. இன்னொரு தடவ வராது. அதான் உங்களக் கூப்பிட்டேன்." பிறகு என் கணவரிடம், "முதல்ல போட்டது உங்ககிட்ட இருக்குமா மாப்பிள்ளை?"

"இருக்கு மாமா. ஆனா..."

"அதப் போடுங்க."

போட்டார். குடிநீர் வாரியம் வந்தது. அவசரத் தண்ணி படத் தலைப்பானது. ஸ்பீக்கரில் என் கணவர் மேசையைத் தட்டினார். இங்கே அவர் தலை மார்பில் புதைந்திருந்தது. கண்டக்டர் ஒரு முறை அவரைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிரிப்பு பெருத்துக்கொண்டே வந்தது. நான் எழுந்து போய் ஒலியைக் குறைக்கக் கையை நீட்டினேன்.

"குறைக்காதம்மா" என்றார் அப்பா. "அதுக்கு நடுவுலதான் அவ வருவா."

கையை எடுத்துக்கொண்டேன். மூன்று பேரும் நாற்காலி நுனிக்கு வந்து, குனிந்து, காதைக் கொடுத்துக் கேட்டார்கள். டைம்கீப்பர் கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்சம் உக்காந்துதான் குடிங்களேன் என்று அந்தக் கீச்சுக் குரல் சொன்னது. வண்டி எடுக்க நேரமாச்சு என்றதும் டைம்கீப்பர், "என்னய்யா இது, நீ அஞ்சு நிமிஷம் கழிச்சு வந்திருந்தா நான் என்ன உன்னைத் தூக்குலயா போட்டிருப்பேன்?" என்றார். அப்பா அவர் முழங்கால்மேல் கையை வைத்து, இரு, இன்னும் இருக்கிறது என்பதுபோல் அழுத்தினார்.

சாயங்காலம் வந்து பாத்தா அவ இல்ல. அடுத்தது தாடியின் ஜோக். அதற்குப் பிறகு இருவரும் சிரிக்கிற சிரிப்பு. முடிகிற வழியாக இல்லை. இவர்கள் எப்போது சிரித்து முடிப்பார்கள் என்று அப்பா மேசையைப் பார்த்தபடி பொறுமையாகக் காத்திருந்தார், அவர் பேசியதில் இன்னும் இரண்டு வரி மிச்சம் இருந்தது.